ஒளியை மிஞ்சும் கப்பலும் ஒரு போன் செய்தியும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டிலும் கம்பெனியிலும் ரயிலிலும் இது தெரியாதவர் இல்லை. காலையில் வந்தது சாயங்காலத்துக்குள் போய்விடும், மறுநாள் புதிதாக ஒன்று வரும். இந்த ஒன்று மட்டும் போகவில்லை. ஒரு விளையாட்டுக்கு விதி எழுதப் போய் வந்த கோபம் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எழுத ஆரம்பித்தபோது நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். ஒளியின் வேகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதித் தேறியவள், இப்போது அச்சிலிருந்து விழும் பாகத்தைக் குழல்விளக்குக்கு நேரே திருப்பிப் பிடித்து, கீறல் இருக்கிறதா, கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அந்த வகையில் ஒளிக்கும் எனக்கும் சம்பந்தம் விட்டுப்போகவில்லை.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ். சென்னையில் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் கற்றுக்கொண்டாராம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஒருவர் கதையை நடத்துவார். வேடக்காரர் "கதவைத் திறக்கிறேன்" என்று சொன்னால், அது திறக்குமா திறக்காதா என்பதைப் பகடையும் விதியும் முடிவு செய்யும். அவ்வளவுதான். கேட்பதற்குச் சின்னப் பிள்ளைகள் சொப்பு வைத்துச் சோறாக்குகிற மாதிரி இருக்கும். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது.

நாங்கள் நாலு பேர். இன்சார்ஜ், நான், எளாவூரிலிருந்து வருகிற எலெக்ட்ரீஷியன், அப்புறம் என் சிநேகிதி. அவள் மெஷின் ஆபரேட்டர். பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்தில் வீடு, புருஷன் ஏரியில் மீன் பிடிக்கிறவர், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரே பெண் பிள்ளை. அவர் படகில் போய்விட்டால் வீட்டில் பெரியவர்கள் வேறு யாரும் கிடையாது. எலெக்ட்ரீஷியனின் மனைவி கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெஞ்சுகள் காலியாக இருக்கும். நாஷ்டாவை முடித்துக்கொண்டு அங்கேதான் கூடுவோம்.

ஞாயிற்றுக்கிழமைக்கென்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. திங்களிலிருந்து சனி வரை இன்சார்ஜ் எங்களுக்கு 'சார்'. ஞாயிறு அந்த மாடிப்படி ஏறிவிட்டால் 'அண்ணா'. அவரே கேட்டுக்கொண்டது அது. "இங்க வந்தும் சார் மோருன்னு கூப்டீங்கன்னா நான் ஆட மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நல்ல மனிதர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். டீ வாங்கிவரக் கூட அவரே கீழே இறங்கிப் போவார்.

அவர் ஹாஸ்டலில் ஆடியதெல்லாம் வாளும் குகையும் பூதமுமாக இருந்த ஆட்டங்கள். எங்களுக்கு அது சலித்துவிட்டது. சொந்தமாக, தமிழில், விண்வெளியில் நடக்கிற மாதிரி ஒன்று செய்யலாம் என்று முடிவானது. கதை நடத்துவதும் விதி எழுதுவதும் என் தலையில் விழுந்தது. படித்த படிப்பு இத்தனை வருடம் கழித்து ஒரு வேலைக்கு ஆகிறதே என்று எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

விண்வெளி ஆட்டத்தில் முதல் தலைவலியே தூரம்தான். பக்கத்து நட்சத்திரத்துக்கு ஒளியே போய்ச் சேர வருடக்கணக்காகும். ஒளிக்குப் பின்னால் மெதுவாகப் போனால், கதை தொடங்குவதற்குள் எல்லா வேடமும் கிழமாகிவிடும். ஆகவே கப்பல் ஒளியை மிஞ்சியே ஆக வேண்டும். எப்படி மிஞ்சும், அதற்கு என்ன இடைஞ்சல் என்பதில்தான் ஆட்டத்தின் ருசியே இருக்கிறது. இடைஞ்சல் இல்லாவிட்டால் பகடைக்கு வேலை இல்லை.

எலெக்ட்ரீஷியன் பிறந்ததிலிருந்து, ஆந்திர எல்லையில் இருக்கிற எளாவூர் செக்போஸ்ட்டில் லாரி வரிசையைப் பார்த்து வளர்ந்தவர். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு நான் ஒரு வாசலை யோசித்திருந்தேன். அதன் முன்னால் கப்பல்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்றார். பேப்பர் காட்ட வேண்டும், சரக்கைப் பிரித்துக் காட்ட வேண்டும், ஒருநாள் பூராவும் காத்துக்கிடக்க வேண்டும். "சும்மா உட்டுடுவானா நைனா? இந்தாண்ட ஒரு கெவருமெண்டு, அந்தாண்ட ஒரு கெவருமெண்டு" என்றார். பிரபஞ்சத்தையே எளாவூராக்கிவிட்டீர்களே என்று நான் கேலி செய்தேன். ஆனாலும் எழுதிக்கொண்டேன், ஏனென்றால் நன்றாக இருந்தது.

அடுத்தது தாவல் இருக்கை. கப்பல் தாவுகிற நேரம் முழுக்க ஒருவர் அந்த இருக்கையில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், விட்டால் கப்பல் வழி தப்பிவிடும் என்று யோசித்திருந்தேன். சொல்லி வாயை மூடவில்லை, சிநேகிதி சொன்னாள், அப்படியென்றால் ரிலீவர் வராமல் எழுந்திருக்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். ரிலீவர் என்றால் அடுத்து வந்து மெஷினைப் பிடித்துக்கொள்கிற ஆள். எங்கள் கம்பெனியில் மெஷின் அச்சைத் திறக்கும், ஆபரேட்டர் பாகத்தை எடுப்பார், மெஷின் மூடும், மறுபடி திறக்கும். ரிலீவர் வராமல் அங்கிருந்து யாரும் நகர முடியாது. ஒன்றுக்குப் போவதென்றால் கூட ஆள் வர வேண்டும்.

இப்போது நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. வானம் பூராவும் எங்கள் கையில் இருந்தது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம், கேட்பார் கிடையாது. மூத்திரத்துக்கு எழுந்திருக்க விடாத சட்டத்தை, காசு கொடுத்தாலும் யாரும் வாங்காத சட்டத்தை, நாங்களே தூக்கிக்கொண்டு போய் நட்சத்திரங்களுக்கு நடுவில் வைத்தோம். வைத்துவிட்டு, பிரமாதம், நிஜம் மாதிரியே இருக்கிறது என்று சந்தோஷம் வேறு பட்டோம். செக்கு மாட்டை அவிழ்த்துவிட்டாலும் அது வட்டம் சுற்றத்தான் செய்யும்.

அந்த இருக்கையில் உட்கார்கிற வேடத்தை எடுத்துக்கொண்டவள் சிநேகிதி. கப்பலின் கேப்டன் இன்சார்ஜ். சிநேகிதியின் வேடத்துக்கும் ஒரு மகள் உண்டு, தண்ணீர் சூழ்ந்த ஒரு சின்ன கிரகத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதையெல்லாம் அவளாகவே சேர்த்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கப்பல் தாவலில் இருக்கும்போது ஊரில் ஏதாவது ஆகிவிட்டால் கப்பலுக்கு எப்படித் தெரியும்?

"தெரியாது" என்றார் இன்சார்ஜ், எனக்கு முன்னால்.

"தெரியணும்ணா" என்றாள். "ஊட்ல கொயந்தைக்கு எதுனா ஆச்சுன்னா எனக்குத் தெரியணும்."

அங்கே ஆரம்பித்தது வாதம். அவர் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, செய்தி ஒளியை விட வேகமாகப் போகக் கூடாது, இயற்பியல் ஒத்துக்கொள்ளாது. இரண்டு, இருக்கையில் இருப்பவளுக்குச் செய்தி போனால் கவனம் சிதறும், கப்பலில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. முதல் காரணத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கப்பலே ஒளியை மிஞ்சிக்கொண்டு போகிறது. இரும்பும் சரக்கும் கேப்டனும் போகலாம், "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்ற நாலு வார்த்தை போகக் கூடாதா? இயற்பியலுக்கு இரண்டும் ஒரே குற்றம்தான். ஒன்றை மன்னித்தால் இன்னொன்றையும் மன்னிக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் இரண்டாவது காரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நேரமாகிவிட்டது, அடுத்த வாரம் முடிவு செய்யலாம் என்று எழுந்தோம்.

அந்த வாரத்தின் நடுவில்தான் அது நடந்தது.

எங்கள் கம்பெனியில் உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும், போகும்போது டோக்கனைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். வீட்டில் அவசரமென்றால் கேட்டில் இருக்கிற போன் நம்பருக்குக் கூப்பிடலாம். எல்லோருமே அந்த நம்பரைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். கேட்டிலிருந்து இன்சார்ஜ் மேஜைக்குச் சொல்வார்கள், இன்சார்ஜ் உரியவரிடம் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து நானும் சிநேகிதியும் போன் வாங்க வரிசையில் நின்றோம். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவருவது என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் டோக்கனை நீட்டினாள். செக்யூரிட்டிப் பெரியவர் போனை எடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னாம்மா, நீ இன்னும் போவலியா? உம் பொண்ணு கை ஒடைஞ்சு கீது, இஸ்கூல்லேர்ந்து போன் மேல போன் பண்ணாங்களே."

அவளுக்குப் புரியவில்லை. என்ன, எப்போ என்று கேட்டாள். அவர் சொன்னார், காலை இன்டர்வெல் முடிந்ததுமே போன் வந்ததாம். படியிலிருந்து விழுந்திருக்கிறாள். அவர் உடனே இன்சார்ஜுக்குச் சொன்னாராம். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்களாம். மறுபடி இன்சார்ஜிடம் கேட்டாராம். சொல்லியாச்சு, கிளம்பிட்டாங்க என்று பதில் வந்ததாம். அதையே இவரும் டீச்சரிடம் சொன்னாராம். பதற்றத்தில் போனைக் கூட வாங்காமல் பின்வாசல் வழியாகப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாராம். சொல்லச் சொல்ல அந்த மனிதருக்கே குரல் இறங்கிவிட்டது.

அவள் போனை வாங்கவே இல்லை. ஓட ஆரம்பித்தாள். நான்தான் இரண்டு போனையும் பிடுங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியுமா? ரோட்டில் போன ஆட்டோவை மறித்து ஏறினோம். வழியெல்லாம் அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான்தான் வாய் ஓயாமல் அந்த ஆளைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

பள்ளிக்கூடம் விட்டு நேரமாகியிருந்தது. வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு டீச்சரும் பாப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையின் கையில் மர ஸ்கேலை வைத்து டீச்சர் தன் துப்பட்டாவால் கட்டியிருந்தார். முழங்கை வீங்கி வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கே இரண்டு டீச்சர்கள்தான். ஒருவர் அன்று பயிற்சிக்குப் போயிருந்தார். இவர் மற்ற பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கூடவே ஏறிப்போக ஒரு ஆள் வேண்டும். அப்பா ஏரியில், போன் எடுக்கவில்லை. அம்மா கிளம்பிவிட்டாள் என்று கம்பெனியில் சொன்னார்கள், இதோ வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள் என்று சாயங்காலம் வரை பார்த்திருக்கிறார். அந்த டீச்சருக்கும் ரிலீவர் இல்லை.

பாப்பா அழவில்லை. அழுது முடித்துவிட்டாள் போலிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஒன்று கேட்டாள்.

"வந்துனே இருக்கேன்னு சொன்னாங்களே, ஏம்மா நீ வரவே இல்ல?"

சிநேகிதி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் பிள்ளையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன். பொன்னேரி ஆஸ்பத்திரியில், இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் அவளைத்தான் திட்டினார். பெற்றவள்தானே, பிள்ளை மேல் அக்கறை வேண்டாமா என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். அங்கேயும் நான்தான் கத்தினேன். நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார்.

மறுநாள் கம்பெனியில் நான் இன்சார்ஜிடம் போய்க் கேட்டேன். இப்போது பேச நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமையாம். ஷிஃப்ட்டில் செய்த காரியத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து அண்ணனாகப் பதில் சொல்வாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த பம்பர் துண்டை மேஜையில் போட்ட போட்டில் அது விரிசல் விட்டுவிட்டது. அதை ரிஜக்ட் பெட்டியில் போடச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போவதா வேண்டாமா என்று நான் யோசித்தேன். சிநேகிதி அந்த வாரம் பாக்கி நாளெல்லாம் லீவு. போன் செய்து கேட்டேன். "போலாம்கா. அந்த ரூலு இன்னும் முடியல இல்ல?" என்றாள். எந்த ரூல் என்று ஒரு நிமிஷம் எனக்கே விளங்கவில்லை. அப்புறம்தான் தாவலில் இருக்கிறவளுக்குச் செய்தி போகுமா போகாதா என்று நாங்கள் பாதியில் விட்டது நினைவுக்கு வந்தது.

பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இனி எங்கே போனாலும் பிள்ளை கூடவே வரும் என்று சொல்லிவிட்டாளாம். முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளை மாவுக்கட்டு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, உடையாத கையால் பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். எலெக்ட்ரீஷியன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவள் பக்கத்தில் வைத்தார். இன்சார்ஜ் வந்தார். பிள்ளையைப் பார்த்தார், "இன்னா பாப்பா, எப்பிடிக் கீது கை?" என்று கேட்டார். பதில் வருவதற்கு முன்னே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். டைப் செய்து பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். 'தாவலில் இருக்கும் கப்பலுக்கு வெளிச்செய்தி எட்டாது' என்று இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் சிநேகிதி பேசினாள்.

"வேணாம் சார்."

ஞாயிற்றுக்கிழமை, அந்த மாடியில், 'சார்'. எலெக்ட்ரீஷியன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். இன்சார்ஜுக்கு முகம் மாறியது. அந்த விஷயத்தை இங்கே கொண்டுவர வேண்டாம், இது விளையாட்டு என்றார்.

இதற்குமேல் நான் பொறுக்கவில்லை. விளையாட்டில் கூடவா அவளுக்குச் செய்தி போகக் கூடாது என்று கேட்டேன். கம்பெனியில் மூடிய வாயை இல்லாத கப்பலிலும் மூட வேண்டுமா, அதற்கு ஒரு பிரிண்ட் அவுட் வேறு கேடா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், எழுத முடியாததெல்லாம் கேட்டேன். கீழே டீக்கடைக்காரர் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.

இன்சார்ஜ் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் காரணம் சொன்னார். அன்று லோடு வண்டி ஷெட்டில் நின்றுகொண்டிருந்ததாம். அந்த மெஷினுக்கு ரிலீவர் லீவாம். அனுப்ப வேண்டிய பாகம் அந்த ஒரு மெஷினில்தான் ஓடியதாம். "சொன்னா உட்டுட்டு ஓடிடுவா. அப்புறம் நான் இன்னாம்மா பண்றது?" என்றார்.

ஓடட்டுமே. பெற்றவள் ஓடாமல் வேறு யார் ஓடுவது?

அதுவரை பேசாமல் இருந்த எலெக்ட்ரீஷியன், அப்படிச் சொல்லாமல் வைத்துக்கொள்ளக் கம்பெனியில் சட்டம் கிடையாதே என்றார். அவசரப் போன் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று கேட்டில் போர்டே மாட்டியிருக்கிறது, ஆணி அடித்து அதை மாட்டியவரே இந்த எலெக்ட்ரீஷியன்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதை நான் பழமொழியாகத்தான் கேட்டிருந்தேன். அன்றைக்குப் பூசாரியை எதிரே வைத்துப் பார்த்தேன். சட்டமே இல்லை. பழக்கம். ஒருத்தர் செய்ததைப் பார்த்து இன்னொருத்தர் செய்து செய்து சட்டம் மாதிரி ஆகிவிட்ட பழக்கம்.

அதைத்தான் அவரும் சொன்னார், வேறு விதமாக. "எனக்கும் இப்பிடித்தாம்மா பண்ணாங்க. எங்கப்பா போன அன்னிக்கு லோடு ஏத்தி முடிச்சப்புறம்தான் சொன்னாங்க. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

இதைக் கேட்டால் யாருக்கும் மனசு இளகும். எனக்கு இளகவில்லை, இன்னும் ஏறியது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த ஆளுக்கு வந்தே இருக்கிறது. வந்தும் தெரியவில்லை. தகப்பன் செத்த செய்தியைத் தன்னிடம் மறைத்தவனை அவர் அன்றைக்குக் காறித் துப்பியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அவனிடமிருந்து தொழில் கற்றுக்கொண்டிருக்கிறார்.

சிநேகிதி மெதுவாகத்தான் பேசினாள். நான் அவ்வளவு கத்தியதில் அவருக்கு உறைக்காதது அவள் சொன்னதில் உறைத்தது என்று நினைக்கிறேன். "நீங்க சொல்லாதது கூட ஆறிடும் சார். வந்துனு இருக்கேன்னு சொல்லிட்டீங்களே. அது ரோட்டையே பாத்துனு இருந்திச்சாம்."

நான் அவருடைய தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினேன். கப்பல் தாவலில் இருந்தாலும் வீட்டுச் செய்தி உடனே எட்டும். கேட்டவர் உரியவரிடம் அந்த நொடியே சொல்ல வேண்டும். இதற்குப் பகடை கிடையாது. எழுதியதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். எலெக்ட்ரீஷியன் கை தூக்கினார். சிநேகிதி கை தூக்கினாள். நான் தூக்கினேன்.

இன்சார்ஜ் தூக்கவில்லை. அவர் குரலில் இப்போது வீம்பு இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "சரி, செய்தி வந்துடுச்சி. அவ எழுந்து பூட்டா. ரிலீவர் இல்ல. அப்ப கப்பல இன்னா பண்றது?"

கடைசி பெஞ்சிலிருந்து பாப்பா எழுந்து வந்தாள். நாங்கள் பேசியதில் கப்பல் எது, கம்பெனி எது என்று அவளுக்குப் பிரித்துத் தெரிந்திருக்காது. ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மாவுக்கட்டுக் கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, மெஷினை நிறுத்த முடியாதா?"

அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன இருக்கிறது? அந்த மெஷினில் ஒரு சிவப்புப் பொத்தான் இருப்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். அழுத்தினால் நின்றுவிடும். திரும்ப ஓட்டும்போது உருகி நின்ற பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தள்ள வேண்டும், முதலில் விழுகிற பாகங்கள் வீணாகும், லாரிக்காரர் இன்னொரு டீ குடிப்பார். அவ்வளவுதான். இத்தனை மாதம் வாசலும் இருக்கையும் வேகமும் எழுதிய எனக்கு இது தோன்றவில்லை, அந்த அறையில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

"நிறுத்தலாம், பாப்பா" என்றார்.

"அப்ப ஏன் நிறுத்தல?"

அவர் பகடையை எடுத்தார், கீழே வைத்தார். சிநேகிதி மகளைக் கூப்பிடவில்லை. நாங்களும் அவருக்கு ஒத்தாசையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாப்பா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பதிலுக்காக நின்றாள்.